சீர் கொண்டுபோன வண்டி

“பீரோவைத் தொறந்து பாருங்க அண்ணி. உங்க ரெட்டை வடச் சங்கிலி இருக்குதா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மனுல எழுதணும்.”

தேவநாதன் இதைச் சொல்வது காலையிலிருந்து மூன்றாவது முறை. சாப்பாட்டு மேஜை மேல் வெள்ளைத் தாளை விரித்து, பேனாவையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எந்த ஆபீசாக இருந்தாலும் தனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லித் திரிகிறவன். ஆள் இருந்தாரோ இல்லையோ, மனு எழுதுவதில் அவனுக்கு ஒரு ருசி.

சமையலறையில் தையல்நாயகி இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய குழியையே மறுபடியும் தடவினாள். சங்கிலி பீரோவில் இல்லை என்பது அவளுக்குத் திறக்காமலே தெரியும். எங்கே போனது என்பதும் தெரியும்.

நடந்தது இதுதான். முன்தினம் புதன்கிழமை பகலில், இந்த வீட்டுக் காரை டிரைவர் ஆரோக்கியராஜ் விழுப்புரம் பக்கம் ஓட்டிப் போனான். விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோட்டிலிருந்து மொபெட்டில் ஏறி வந்த ஒரு கூலிக்காரர் மேல் மோதிவிட்டான். அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. கார் நடுத் தடுப்பில் இடித்து நின்றதில் ஆரோக்கியராஜுக்கும் இடது கை ஒடிந்தது. இரண்டு பேரையும் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். போலீஸ்காரர்கள் காரைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் பட்டியல் போட்டார்கள். பித்தளைத் தாம்பாளம் ஐந்து. பட்டுப்பாவாடை, தாவணி. கண்ணாடி வளையல். பழம். இரட்டை வடத் தங்கச் சங்கிலி ஒன்று.

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும்தான் தேவநாதனுக்கு உற்சாகம் வந்தது. கல்யாணம் காட்சிக்கு மட்டும் அண்ணி கழுத்தில் ஏறுகிற சங்கிலி அது.

“கார் திருட்டு, நகை திருட்டு, ரெண்டும் அவன் தலைல போட்டுடலாம்ணா” என்று அண்ணனிடம் சொன்னான். “நாம அனுப்பித்தான் போச்சுன்னு சொன்னா, அடிபட்டவன் உங்க மேல கேஸ் போடுவான். வண்டி உங்க பேர்ல இருக்குது. மண்டிய வித்துத்தான் கட்டணும். சொல்லாம எடுத்துக்கினு போய்ட்டான்னு ஒரு வரி எழுதிட்டா இந்தப் பேஜாரே நமக்கு இல்ல.”

பெரியதம்பி திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். வேர்க்கடலை மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாலே எவ்வளவு எண்ணெய் நிற்கும் என்று சொல்லிவிடுவார். மனிதர்களைப் பற்றி மட்டும் தம்பி சொல்வதைக் கேட்டுக்கொள்வார்.

“ஏழு வருசமா நம்ம வண்டி ஓட்டறான். இவன் எடுத்திருப்பான்னு எனக்கு மனசு ஒப்பல” என்றார் அவர். “தையலு, நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லேன்.”

தையல்நாயகி அடுப்பைப் பற்றவைத்தாள். அவ்வளவுதான்.

இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூடாத பேர் ஒன்று உண்டு. கலைப்பிரியா. பெரியதம்பியின் ஒரே தங்கை. தையல்நாயகி இருபது வயதில் மருமகளாக வந்தபோது அவளுக்கு ஆறு வயசு, தாயில்லாப் பிள்ளை. தலை வாரிப் பின்னியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, அவள் வயசுக்கு வந்தபோது பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் அண்ணிதான். அந்தப் பெண் காலேஜ் முடித்ததும் கூடப் படித்த அன்புச்செல்வனைக் கட்டிக்கொண்டாள். அன்புச்செல்வன் விழுப்புரத்தில் பள்ளிக்கூட வாத்தியார், குணமான பிள்ளை. ஆனால் அவன் தகப்பனார் ஒரு காலத்தில் இவர்கள் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர். அது ஒன்று போதுமாக இருந்தது. பெரியதம்பி தங்கைக்குத் தலை முழுகினார். “அவ வூட்டுப் படிய மிதிச்சவங்களுக்கு என் வூட்ல இடமில்ல” என்றார். அதற்கு ஆயிற்று பதினைந்து வருஷம்.

தையல்நாயகி அந்தப் படியை மிதிக்கவே இல்லை. புருஷன் சொல் மீறாத பெண்சாதி. ஆனால் போன் என்று ஒன்று இருந்ததே. அப்புறம் ஆரோக்கியராஜ் என்று ஒருவனும் வேலைக்கு வந்தான். பொங்கலுக்கு முறுக்கு, குழந்தை பிறந்த நாளுக்குப் புதுத்துணி, காய்ச்சல் என்றால் கஷாயப் பொடி என்று எது கொடுத்தாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவான்.

போன வாரம் கலைப்பிரியாவின் மகள் பெரிய மனுஷி ஆனாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு. தாய்மாமன் வீட்டுத் துணியை உடுத்தித்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். கல்லு மாதிரி இரண்டு தாய்மாமன்கள் இருக்கும்போது, அந்தப் பெண் ஏதோ கடைத் துணியை உடுத்திக்கொண்டு நாலு பேர் முன்னால் உட்காருவதா? தையல்நாயகிக்குச் சோறு இறங்கவில்லை. தன் அம்மா தனக்குப் போட்டு அனுப்பிய சங்கிலியைத் தாம்பாளத்தில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வீட்டில் இருப்பார்கள் என்று புதன்கிழமையே வண்டியை அனுப்பினாள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். பதினொன்றரைக்கு மனசு கேட்காமல் போன் போட்டாள்.

“எங்கப்பா இருக்க? நேரத்தோட போய்ச் சேந்துடுவியா?”

“இதோ வந்துட்டேம்மா, இன்னும்...” என்றான் ஆரோக்கியராஜ். அப்புறம் ஒரு சத்தம்.

சாயங்காலம் வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினான். “அம்மா, நீங்க வாயத் தொறக்காதீங்க. தப்பு என்னுது. நான் பாத்துக்கறேன்.” அவளும் வாயைத் திறக்கவில்லை. எங்கே இந்த வீட்டில் தனக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்று பயந்துதான் திறக்கவில்லை. அந்தப் பயத்தை நினைத்தால் அவளுக்கே அவமானமாக இருந்தது.

முதல் ஈடு இட்லி வேகுவதற்குள் வாசலில் பைக் சத்தம் கேட்டது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் பிரவீன்குமார் வந்திருந்தார். மண்டிக்கும் காருக்கும் வருஷா வருஷம் பாலிசி புதுப்பித்துத் தருகிறவர். கம்பெனிக்குத் தகவல் கொடுக்கும் பாரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். தேவநாதன் முந்திக்கொண்டான்.

“எழுதிக்கோங்க பிரவீன். டிரைவர் எங்க யாருக்கும் தெரியாம வண்டியையும் பீரோல இருந்த அண்ணி சங்கிலியையும் எடுத்துக்கினு போய்ட்டான்.”

“சரிங்க சார். வண்டிச் சாவி வழக்கமா எங்க இருக்கும்?”

“பூஜை ரூம்ல. வண்டி வாங்கின அன்னிக்கு நேரா திருவக்கரைக்கு ஓட்டிக்கினு போய் அம்மனுக்குப் பூஜை போட்டோம். அன்னிலேர்ந்து சாவி அம்மன் படத்துக்கு முன்னாடிதான். காலைல வெளக்கேத்திட்டு அண்ணி கையாலதான் வெளிய வரும். எங்க அண்ணனே அண்ணிகிட்டதான் வாங்கிக்கணும்.”

“அப்போ டிரைவர் பூஜை ரூமுக்குள்ள போய் எடுத்தாருன்னு எழுதிக்கவா?”

தேவநாதனுக்குக் கோபமே வந்துவிட்டது. “இன்னா பேசறீங்க? அவனைப் போய் உள்ள வுடுவமா? ஏழு வருசத்துல நடை தாண்டி ஒரு அடி எடுத்து வெச்சதில்ல அவன். காபி குடிக்கறதுகூட வெளிய கார் ஷெட்டாண்டதான். அவனுக்கு டம்ளரே தனி.”

பெருமையாகத்தான் சொன்னான். பிரவீன்குமார் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“அப்போ சாவி அவர் கைக்கு எப்பிடி சார் போச்சு? சங்கிலி வெச்சிருந்த பீரோ எங்க இருக்குது?”

“அது உள்...” என்று தொடங்கிய தேவநாதன் அப்படியே நின்றான்.

ஒரு மனிதனை வாசலோடு நிறுத்தி வைத்த வழக்கம் இப்படி வந்து காலை வாரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இந்த வீட்டில் யாருமே எதிர்பார்க்கவில்லை. பெரியதம்பி சமையலறைப் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

தையல்நாயகி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எப்போதும் கதவோரம் நிற்பவள், அன்று மேஜை வரைக்கும் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சாவிய நான்தான் குடுத்தேன். எழுதிக்கோங்க தம்பி.”

“அண்ணி, நீங்க சும்மா இருங்க” என்றான் தேவநாதன்.

“நேத்துலேர்ந்து சும்மாதான் இருந்தேன். அதனாலதான் ஒரு நல்லவன் பேரு திருடன்னு உன் தாள்ல ஏறியிருக்குது.”

பெரியதம்பி கேட்டார். “சங்கிலி?”

“அதுவும் நான் வெச்சு அனுப்பினதுதான். என் அம்மா எனக்குப் போட்ட சங்கிலி. வேணிக்குக் குடுத்தேன்.”

“எந்த வேணி?”

தையல்நாயகி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பாருங்க... தங்கச்சி பொண்ணு பேருகூட உங்களுக்குத் தெரியல. உங்க கலைப்பிரியா பொண்ணு. பெரிய மனுசி ஆய்ட்டா. ஞாயித்துக்கிழமை சடங்கு. தாய்மாமன் வூட்டுச் சீருன்னு சொல்லி அனுப்பினேன்.”

அந்தப் பேர் அந்தக் கூடத்தில் பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் கேட்டது. பெரியதம்பி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ இத்தினி வருசமா என்னை ஏமாத்திக்கினு இருந்திருக்க.”

“ஆமா. ஏமாத்தினேன். அதுக்கு நீங்க எது சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா அது நமக்குள்ள. அடிபட்டவருக்கும் ஆரோக்கியராஜுக்கும் அதுல சம்பந்தமில்ல. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. அவன் வண்டி ஓட்டிக்கினு இருந்தப்போ ராகு காலம் வருது, ராகு காலம் வருதுன்னு போன் பண்ணினவளும் நான்தான்.”

“போச்சு” என்று தேவநாதன் தலையில் கைவைத்தான். “எல்லாத்தையும் ஒத்துக்கினா மண்டி நம்மது இல்ல. சொல்லிட்டேன்.”

“யார் சார் சொன்னது?” என்றார் பிரவீன்குமார். மனிதர் குரலை உயர்த்தவில்லை. “வண்டி அய்யா பேர்ல இருக்குது. ஓட்டினவரு சம்பளத்துக்கு இருக்கிற டிரைவரு. லைசென்ஸ் இருக்குது, பாலிசி நடப்புல இருக்குது. வீட்டு வேலையா போனப்போ டிரைவர் பண்ற தப்புக்கு ஓனரும் பொறுப்புதான், இல்லேங்கல. அந்தப் பொறுப்பைக் கம்பெனி ஏத்துக்கினு அடிபட்டவருக்குக் கட்டும். அதுக்குத்தானே வருசா வருசம் பிரீமியம் வாங்கறோம். திருட்டுன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, கம்பெனி வக்கீல் அதைப் புடிச்சுக்கினு கேஸ வருசக் கணக்குல இழுப்பாரு. நாளைக்கு அது பொய்ப் புகாருன்னு வெளிய வந்தா மாட்டறது நீங்கதான்.”

பிறகு அவர் சற்றுத் தயங்கி, “டிரைவருக்குன்னு தனியா ஒரு தொகையும் கட்டியிருக்கீங்க. அவரு கைக்கும் அதுல வழி பண்ணலாம். போன தடவை அம்மாதான் சேக்கச் சொன்னாங்க. நீங்ககூடச் சிரிச்சீங்க தேவநாதன் சார்” என்றார்.

தேவநாதன் இப்போது சிரிக்கவில்லை.

தையல்நாயகி எழுந்தாள். உள்ளே போய் ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு வந்தாள். “இட்லி வெந்திருக்குது. சட்னி மேடை மேல இருக்குது” என்றாள். “நான் முண்டியம்பாக்கம் போய் அடிபட்டவரைப் பாத்துட்டு, போலீசாண்டையும் சொல்ல வேண்டியத சொல்லப் போறேன். அந்த மனுல கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம். போட்டீங்கன்னா, அதுல இருக்கறது பொய்யின்னு சொல்ற முதல் சாட்சி நான்தான்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். இருபத்தைந்து அடி தள்ளிப் போன பிறகுதான், முப்பத்திரண்டு வருஷத்தில் யாரையும் கேட்காமல் வீட்டை விட்டு வந்தது இதுதான் முதல் தடவை என்று அவளுக்கு உறைத்தது. நடையை நிறுத்தவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கோடியில் இருந்த கட்டிலில் ஒரு பெரியவர் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். அவர்தான் மொபெட்டில் வந்து அடிபட்ட முத்துசாமி. பக்கத்தில் அவர் மனைவி சவுரியம்மாள் தரையில் குந்தியிருந்தாள். அவள் கையிலிருந்த கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டு நின்றவளைப் பின்னாலிருந்து பார்த்ததுமே தையல்நாயகிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தத் தலையை எத்தனை நாள் வாரியிருப்பாள்.

“கலை...”

கலைப்பிரியா திரும்பினாள். கையில் இருந்த தூக்குவாளியைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்துவிட்டு ஓடி வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். காதோரம் நரை விழுந்த பெண், ஆறு வயசுப் பிள்ளை மாதிரி விம்மினாள்.

“என்னாலதான அண்ணி எல்லாம்... எனக்குச் சீரே வேணாம்னு அன்னிக்கே சொன்னேனே. ஆரோக்கியராஜு அண்ணன் வரலன்னு போன் பண்ணினேன். யாரோ எடுத்து ஆக்சிடென்ட்டுன்னாங்க. நேத்துலேர்ந்து இங்கதான் வந்து வந்து போய்க்கினு இருக்கேன். நான் யாருன்னு இவங்களும் கேக்கல, நானும் சொல்லல.”

“இப்போ கேக்கறேன்” என்றாள் சவுரியம்மாள். எழுந்து நின்றுகொண்டிருந்தாள். “யாரு நீங்கள்லாம்?”

தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவரு மேல மோதினது எங்க வூட்டு வண்டிம்மா. இவ எங்க வூட்டுக்காரரு தங்கச்சி.”

“அதானே பாத்தேன்.” சவுரியம்மாள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “ஊரு பேரு தெரியாதவ எதுக்குச் சோறு கொண்டாந்து குடுக்கறான்னு யோசன பண்ணிக்கினேதான் இருந்தேன். கஞ்சி ஊத்தி எங்க வாய அடைக்கப் பாத்தீங்களா? இந்த மனுசன் கழனில எறங்கினாத்தான் எங்க வூட்ல அடுப்பு எரியும். ஆறு மாசம் கால ஊணக் கூடாதுன்றாங்க. உங்க ஆளு போன்ல பேசிக்கினே வந்தானாமே. பாத்தவங்க சொன்னாங்க...”

“பேசிக்கினுதாம்மா வந்தான். பேசினது எங்கூடத்தான்.”

சவுரியம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சாதிப்பார்கள், அதற்கு என்ன சொல்லலாம் என்று வரிசையாக வைத்திருந்தாள்; ஒன்றும் உதவவில்லை.

தையல்நாயகி தொடர்ந்தாள். “உன் காலைப் புடிச்சு மன்னிப்புக் கேக்கறேன். ஆனா மன்னிப்பு அடுப்பு எரிய வெக்காது. அதனால ஒண்ணு சொல்றேன், கேளு. நீ கோர்ட்ல கேஸ் போடு. டிரைவரு பேரு, எங்க வூட்டுக்காரரு பேரு, இன்சூரன்ஸ் கம்பெனி பேரு, மூணையும் போடு. சமாதானமா போய்டலாம்னு யாரு வந்தாலும், எங்க வூட்டு ஆளே வந்தாலும், எதுலயும் கையெழுத்துப் போடாத. வண்டிய நான்தான் அனுப்பினேன்னு எந்தக் கோர்ட்ல கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்.”

“உங்க மேலயே கேஸ் போடச் சொல்றீங்களா?”

“அதுக்குத்தாம்மா இன்சூரன்ஸ் கட்டறது.”

சவுரியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் முழுசாக வடியவில்லை. கட்டிலிலிருந்து முத்துசாமி முனகினார். “விடு சவுரி. வண்டி ஓட்டின புள்ள கை ஒடிஞ்சு தொங்கறப்பகூட என்னைத்தான் மொதல்ல தூக்கப் பாத்தான்.” சவுரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிறிது நேரம் கழித்து, தள்ளி வைத்த கிண்ணத்தை அவளே எடுத்துப் புருஷனுக்குக் கஞ்சி கொடுத்தாள்.

நாலு கட்டில் தள்ளி ஆரோக்கியராஜ் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். ஏட்டு ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். தையல்நாயகியைப் பார்த்ததும் ஆரோக்கியராஜ் எழப் பார்த்தான்.

“நீங்க எதுக்கும்மா வந்தீங்க? நான்தான் சொன்னேனே...”

“நீ சொன்ன. நான் கேட்டிருக்கக் கூடாது. குந்து.” அவள் ஏட்டின் பக்கம் திரும்பினாள். “அய்யா, இவன் வண்டிய எடுத்துக்கினு ஓடல. சாவி குடுத்து அனுப்பினது நான். ஓட்டறப்போ போன் பண்ணினதும் நான்.”

“அம்மா, போன் விசயம் வேணாம்மா” என்று கெஞ்சினான் ஆரோக்கியராஜ்.

“எடுத்தது உன் தப்பு. கூப்பிட்டது என் தப்பு. ரெண்டையும் எழுதட்டும்.”

ஏட்டுக்குத் தலை சுற்றியது. தப்பை மறுப்பவர்களைப் பார்த்துப் பழகியவர்; பங்கு போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்ததில்லை. “அதெல்லாம் சரிம்மா. வண்டி உங்க பேர்ல இல்லியே. ஓனர் வந்து சொல்லணும். ஓனர் சம்மதமில்லாம போச்சுன்னு அவரு ஒரு மனு குடுத்துட்டா, கேஸ் வேற மாதிரி ஆய்டும். இவரை இங்கேர்ந்தே ரிமாண்டுக்கு எடுத்துக்கினு போவோம்.”

“ஓனர் நான்தான்” என்று வார்டு வாசலிலிருந்து குரல் கேட்டது.

பெரியதம்பி நின்றுகொண்டிருந்தார். பிரவீன்குமாரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, முப்பது கிலோமீட்டர் காற்றில் வந்த தலை கலைந்திருந்தது. கையில் தேவநாதன் எழுதிய மனு இருந்தது. அதைப் பார்த்ததும் தையல்நாயகி ஆரோக்கியராஜின் கட்டில் பக்கம் இன்னும் நெருங்கி நின்றாள். கலைப்பிரியா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்; அண்ணன் முகத்தில் விழிக்க அவளுக்குத் தைரியமில்லை.

அவர் கட்டில் வரைக்கும் வந்தார். முதலில் ஆரோக்கியராஜைப் பார்த்தார்.

“ஏம்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

ஆரோக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். “எங்க வந்துங்கய்யா சொல்றது? ஷெட்டாண்ட நின்னு சொல்ற விசயமாய்யா இது?”

ஏட்டு பேனாவைத் தட்டினார். “வண்டி உங்க சம்மதத்தோட போச்சா, இல்லையா? அதைச் சொல்லுங்க.”

“சாவி குடுத்தது என் வூட்டுக்காரி. அவ குடுத்தா அது என் சம்மதம்தான்.”

“எது விசயமா போச்சு?”

பெரியதம்பி வாயைத் திறந்தார். மண்டியில் நூறு பேருக்கு நடுவில் விலை கூவுகிற மனிதர், அங்கே அந்த ஒரு பதிலுக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டே நின்றார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவளின் தோள் குலுங்குவது அவருக்குத் தெரிந்தது.

“சீரு” என்றார். “என் தங்கச்சி பொண்ணு வயசுக்கு வந்திருக்குது. தாய்மாமன் சீரு அனுப்பினேன்.”

“அப்பிடியே எழுதிக்கவா?”

“எழுதுங்க. என் தங்கச்சின்னே எழுதுங்க. பேரு கலைப்பிரியா.”

கையிலிருந்த மனுவை நாலாகக் கிழித்து ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏட்டு நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் தையல்நாயகியும் போட்டாள். அப்புறம் அவர் முத்துசாமியின் கட்டிலுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். பிரவீன்குமார் சவுரியம்மாளுக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏட்டு கிளம்பும்போது ஆரோக்கியராஜிடம், “ஆக்சிடென்ட் கேஸ்தான். ஜாமீன் ஸ்டேஷன்லயே குடுத்துடுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் ஒடியாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் பெரியதம்பி மனைவியிடம், “சரி வா, வூட்டுக்குப் போலாம்” என்றார். எல்லாம் முடிந்துவிட்டது என்ற தொனி. ஆண்களுக்கு ஒரு கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

தையல்நாயகி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நான் கலைப்பிரியா வூட்டுக்குப் போறேங்க. சடங்கு வூட்ல வேலைக்கு ஆளில்ல. அந்தப் படிய மிதிச்சா நம்ம வூட்ல இடமில்லன்னு சொன்னீங்க. பதினஞ்சு வருசம் மிதிக்காம இருந்தேன். இன்னிக்கு மிதிக்கப் போறேன்.” அவள் குரல் ஒரு கணம் தடுமாறி, பிறகு நேரானது. “ஞாயித்துக்கிழமை நீங்களும் வந்து மிதிச்சுட்டீங்கன்னா, ரெண்டு பேரும் சேந்து வேற வூடு பாத்துக்கலாம்.”

பெரியதம்பி அவளை முறைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. அதற்குள் விழுப்புரம் டவுன் பஸ் வந்து நின்றது. கலைப்பிரியா அண்ணனை நிமிர்ந்து பார்க்காமலே, “வர்றேண்ணா” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறினாள். தையல்நாயகி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

“இரு, இரு” என்று பெரியதம்பி ஜன்னல் பக்கம் ஓடி வந்தார். வேட்டி தடுக்கியது. பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் அடித்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

“ஸ்டேஷன்ல இருக்கறது உன் அண்ணி சீரு. நான் எடுக்கறது வேற” என்றார் தங்கையிடம். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் அவளைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை. “துணி எடுக்கணும். அந்தப் பொண்ணு... எவ்ளோ ஒசரம் இருக்கும்?”

கேட்டுக்கொண்டே, அவராகவே தன் இடுப்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். இந்தளவுதானே என்பது போல.

கலைப்பிரியா ஜன்னல் கம்பிக்கு இடையில் கையை நீட்டினாள். கீழே எட்டி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, மெதுவாக மேலே தூக்கினாள். மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, அவர் காது வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“இவ்ளோ அண்ணா” என்றாள். “உங்கள மாதிரியே வளந்துட்டா.”

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. பெரியதம்பி காதருகே தூக்கிய கையோடு, அந்தக் கைக்குக் கீழே இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றார்.